சென்னையிலிருந்து பறவை பார்க்க ஒரு விடியல்: பள்ளிக்கரணையா, வேடந்தாங்கலா, பழவேற்காடா?

விடியுமுன் வீட்டைவிட்டுக் கிளம்பி, பறவைகளைப் பார்த்துப் படமும் எடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். சென்னைக்காரர்கள் இப்படித் திட்டம் போட்டால் மூன்று பெயர்கள் உடனே வரும்: பள்ளிக்கரணை சதுப்பு நிலம், வேடந்தாங்கல் ஏரி, பழவேற்காடு ஏரி. முதல் இரண்டும் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தவை. மூன்றாவது, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. மூன்றுமே போக வேண்டிய இடங்கள்தான். ஆனால் கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை இருக்கும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

“எங்கே அதிகப் பறவை இருக்கும்?” என்று கேட்டுக் கிளம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் மனம் சோர்ந்து திரும்புகிறார்கள். ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நின்றாலும் அவை அரைக் கிலோமீட்டர் தள்ளி நின்றால், படத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு மட்டும்தான் விழும். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. நான் நிற்கும் இடத்துக்கும் பறவைக்கும் எத்தனை மீட்டர்? அந்த நேரத்தில் வெயில் என் முதுகுப் பக்கமா, முகத்துக்கு நேரேயா? இடம், மாதம், கருவி எல்லாமே இந்த இரண்டிலிருந்துதான் முடிவாகும்.

தூரக் கணக்கு

தூரத்தை முதலில் கணக்காகப் போட்டுப் பார்த்துவிடலாம். பறவையின் உயரத்தை மீட்டரில் எடுத்து, லென்ஸின் குவியத் தூரத்தால் (மி.மீ.) பெருக்கி, பறவைக்கும் நமக்கும் உள்ள தூரத்தால் (மீட்டர்) வகுத்தால், சென்சாரில் விழும் உருவத்தின் அளவு மி.மீ.-இல் கிடைக்கும். பலரிடம் இருப்பது, படம் பதியும் சென்சார் சற்றுச் சிறிதாக உள்ள கிராப் சென்சார் கேமரா. அதன் சென்சார் உயரம் சுமார் 15 மி.மீ.

400 மி.மீ. லென்ஸை வைத்துக்கொள்வோம். பள்ளிக்கரணையில் 20 மீட்டரில் கோரைக்குள் நிற்கும் நீலத் தாழைக்கோழி ஏறக்குறைய 45 செ.மீ. இருக்கும். அது சென்சாரில் 9 மி.மீ. விழும், படத்தின் உயரத்தில் பாதிக்கு மேல். வேடந்தாங்கலில் 100 மீட்டர் தள்ளிக் கூட்டில் நிற்கும் மஞ்சள் மூக்கு நாரை ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அது 4 மி.மீ. வரை விழும், கால் பங்கு. பழவேற்காட்டில் 400 மீட்டரில் நிற்கும் பெரிய பூநாரை நம் இடுப்புக்கு மேல் வரும் உயரம்தான், 1.4 மீட்டர் என்றே வைத்துக்கொண்டாலும் 1.4 மி.மீ.-தான். பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மூன்று இடங்களுக்கும் உள்ள வேறுபாடு இதிலேயே பாதி தெரிந்துவிடும். மெகாபிக்சலை நம்பி வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். 400 மீட்டர் தூரத்துக் காற்று அதற்கு இடம் கொடுக்காது. வெயில் ஏறியதும் நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளிய ஆரம்பிக்கும். அந்த நெளிவுக்குள் எடுத்த படத்தை எந்த லென்ஸாலும் கூர்மையாக்க முடியாது. 600 மி.மீ. போட்டால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான்.

பள்ளிக்கரணை: அருகில் இருப்பதன் பலம்

தென்சென்னைக்காரர்களுக்கு அரை மணிப் பயணம். வேளச்சேரி பறக்கும் ரயில் நிலையத்தில் இறங்கினால் ஆட்டோவில் சில கிலோமீட்டர். காலை 5:30-க்குக் கிளம்பினால் போதும். ஜனவரியில் சென்னையில் சூரியன் எழுவது ஏறக்குறைய 6:30-க்குத்தான். அதற்கு இருபது நிமிடம் முன்பே பைனாக்குலரில் பார்க்கும் அளவு வெளிச்சம் வந்துவிடும்.

துரைப்பாக்கம் – பல்லாவரம் 200 அடி ரேடியல் சாலை சதுப்பு நிலத்தை ஊடறுத்துப் போகிறது. ஒரு சதுப்பு நிலத்தின் நடுவே இப்படிச் சாலை போட்டதும், பெருங்குடிப் பக்கம் குப்பைமேடு வளர்ந்ததும் அந்த நிலத்துக்கு இழைத்த பெருந்தீங்கு; அதில் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. மழைநீரை வாங்கி வைத்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கு அனுப்பிக்கொண்டிருந்த நிலம் இன்று எஞ்சிய பகுதியாகத்தான் நிற்கிறது. எஞ்சியிருப்பதில் நாம் பறவை பார்க்க நிற்கக்கூடிய இடங்களில் ஒன்று அந்தச் சாலையோரம் என்பதும் உண்மை.

அந்தச் சாலை ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுகிறது. டிசம்பர், ஜனவரியில் சூரியன் நேர் கிழக்கில் எழாமல் தென்கிழக்கில் எழும். ஆகவே சாலையின் வடபுறம் நின்று வடக்கே பார்த்தால் வெயில் வலத் தோளுக்குப் பின்னாலிருந்து விழும். நீலத் தாழைக்கோழியின் ஊதா நீலம், அன்றிலின் செம்பும் பச்சையும் கலந்த மினுமினுப்பு இரண்டும் அப்போதுதான் தெரியும். எதிர்ப்புறம் நின்று தெற்கே பார்த்தால் அதே அன்றில் கறுப்பாக இருக்கும். தெற்கே நல்ல காட்சி இருந்தால் அதைக் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்; கேமராவை வடக்கே வையுங்கள்.

வண்டியைச் சாலையோரம் நிறுத்திக்கொண்டு கதவைத் திறந்து இறங்குவது ஆபத்து. அதிகாலையில் லாரிகள் வேகமாக வரும். தூரமாக, சந்தைகள் அல்லது கடைகள் இருக்கும் பக்கத்தில் வண்டியை விட்டுவிட்டு நடைபாதையில் நடந்து வாருங்கள். முக்காலியை நடைபாதையில் விரிப்பது நடப்பவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் ஆபத்து. ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாட் போதும். சாலையில் நிற்கத் தயங்குகிறவர்கள், குறிப்பாகக் குழந்தைகளோடு வருகிறவர்கள், வனத்துறையின் சூழல் பூங்கா நடைபாதைக்குப் போகலாம். அங்கே பறவை கொஞ்சம் தள்ளியிருந்தாலும் மனம் நிம்மதியாக இருக்கும். அது திறக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். விடியலின் முதல் அரை மணி அங்கே கிடைக்காமல் போகலாம்.

இங்கே என்ன கிடைக்கும்? நாமக்கோழி, முக்குளிப்பான், புள்ளி மூக்கு வாத்து, நெடுங்கால் உள்ளான், செந்நாரை, சேற்றுப் பூனைப்பருந்து. நீர் வற்றி ஆழம் குறையும் மாதங்களில் பூநாரைகளும் வரும். இந்த இடத்தின் அரிய பரிசு நீளவால் இலைக்கோழி. இதில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதன் நீண்ட வளைந்த வாலும், பின்கழுத்தின் பொன்மஞ்சளும் இனப்பெருக்கக் காலத்துக்கு உரியவை. டிசம்பரில் போனால் வால் இல்லாத, பழுப்பும் வெள்ளையுமான ஒரு பறவைதான் இலைமேல் நடந்துகொண்டிருக்கும். அது இலைக்கோழிதானா என்றே பலருக்கு ஐயம் வந்துவிடும். ஜூலை முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் வந்தால் முழுக்கோலத்தில் பார்க்கலாம். விரல்களைப் பாருங்கள்: உடலுக்குப் பொருந்தாத நீளம். எடையை அத்தனை நீளத்துக்கும் பரப்பிவிடுவதால்தான் மிதக்கும் இலை அமிழ்வதில்லை. ஒவ்வொரு அடிக்கும் காலை உயரத் தூக்கி, விரல்களைக் குவித்து, மறுபடி விரித்து வைக்கும். காலைத் தூக்கிய அந்த நொடியில் எடுத்தால்தான் படம் அழகு. அதற்கு 1/1000 நொடி ஷட்டர் வேகமாவது வேண்டும்.

வேடந்தாங்கல் காலியாகக் கிடக்கும் ஜூலை, ஆகஸ்டிலும் பள்ளிக்கரணையில் பார்க்கப் பறவை இருக்கும் என்பது இதன் பெரிய பலம். குறைகளும் உண்டு. காற்று குப்பைமேட்டுப் பக்கமிருந்து வீசும் நாட்களில் நாற்றம் தாங்காது. புகைமூட்டமும் சேர்ந்தால் படத்தின் தெளிவு போய்விடும். பின்னணியில் கட்டடமும் மின்கம்பியும் வந்துகொண்டே இருக்கும். நின்று எடுப்பதைவிடக் குனிந்து, கேமராவை நீர்மட்டத்துக்கு நெருக்கமாக இறக்கினால் பின்னணி கோரையாகிவிடும். வேலி இருக்கும் இடத்தில் லென்ஸை வேலிக்கண்ணுக்கு ஒட்டி வையுங்கள். ஓரடி பின்னால் நின்றால் கம்பி சாம்பல் கறையாகப் படத்தில் படியும்.

காலை 8 மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அதற்குமேல் போக்குவரத்து கூடும், கரையோரம் மேய்ந்த பறவைகள் உள்ளே போய்விடும்.

வேடந்தாங்கல்: கூட்டைப் பார்க்க ஒரே இடம்

ஜி.எஸ்.டி. சாலையில் செங்கல்பட்டைத் தாண்டி, படாளத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நகரிலிருந்து 75 முதல் 80 கி.மீ. கிண்டியிலிருந்து விடியுமுன் போனால் ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் ஆகும். 4:15-க்குக் கிளம்பினால் 6 மணிக்குக் கதவு திறக்கும்போது அங்கே இருக்கலாம்.

ஏரி பெரிதல்ல, சுமார் 30 ஹெக்டேர். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. பார்வையாளர்கள் கரைமேல் நடந்துகொண்டே பார்க்கலாம். அருகிலுள்ள மரங்கள் 50 மீட்டர் தூரத்திலும், நடு ஏரியில் இருப்பவை 150 மீட்டருக்கு அப்பாலும் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை அருகில், இத்தனை பெரிய பறவைகள், மனிதர்கள் நடமாடும் கரைக்கு எதிரே பயமின்றிக் குஞ்சு பொரிக்கின்றன என்றால் அதற்குக் காரணம் ஊர்மக்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்று அறிந்து தலைமுறைகளாகக் காத்துவந்தவர்கள் அவர்கள். சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது முறையிட்டு, 1798-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் பாதுகாப்பு உரிமையையும் பெற்றார்கள். இன்றும் அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கரைமேல் நின்று கத்திப் பேசுகிறவர்கள் இதை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பருவம் நவம்பரிலிருந்து மார்ச் வரை. வடகிழக்குப் பருவமழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டில் பறவைகள் பெரும்பாலும் வராது. ஆகவே கிளம்புமுன் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரிப்பதுதான் முதல் வேலை. மாதத்துக்கு ஏற்பக் காட்சி மாறும். முதலில் வந்து இடம்பிடிப்பவை நத்தை குத்தி நாரைகள். கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் பின்னால் வந்து சேரும். கூடு கட்டுவதைப் பார்க்க டிசம்பர், வளர்ந்த குஞ்சுகளுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்க பிப்ரவரி. இடையே ஜனவரியில் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, நீர்க்காகம், சாம்பல் நாரை, இராக்கொக்கு ஆகியவை பருவம் முழுக்க உண்டு.

நத்தை குத்தியைப் பைனாக்குலரில் நிதானமாகப் பாருங்கள். அலகை மூடியிருக்கும்போதும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதன் வழியே பின்னாலுள்ள வானம்கூடத் தெரியும். குஞ்சுக்கு இந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வரும். ஒரே கூட்டில் தாயும் குஞ்சும் பக்கவாட்டில் நிற்கும்போது இரண்டு அலகுகளையும் ஒரே படத்தில் எடுக்க முடிந்தால் அதைவிடப் பாடம் சொல்லும் படம் வேறில்லை.

இனி ஒரு கருத்து, பலரும் ஒத்துக்கொள்ளத் தயங்குவது: வேடந்தாங்கலுக்கு விடியல் கட்டாயமில்லை. கூட்டில் குஞ்சு இருக்கும்வரை தாயும் தந்தையும் நாள் முழுக்க வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். மாலை 4 மணிக்கு மேல் இரை தேடப் போனவை கூட்டங்கூட்டமாகத் திரும்பும் காட்சி, காலையில் பிரிந்து போகும் காட்சியைவிடப் பல மடங்கு நிறைவானது. காலையில் போவதன் உண்மையான லாபம் கூட்டம் குறைவு, காற்று தெளிவு, இரவு முழுக்க மேய்ந்த இராக்கொக்குகள் அடையத் திரும்பும் நேரம். இந்த மூன்றும் வேண்டுமென்றால் விடியலில் போங்கள். பறக்கும் படம்தான் வேண்டுமென்றால் மதியம் 2 மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பலாம். தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

வெயில் திசையைப் பொறுத்தவரை, கரை வளைந்து போவதால் நின்ற இடத்திலேயே நிற்காதீர்கள். காலையில் சில இடங்களில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். நாரைகள் வெறும் நிழலுருவமாகும். நடந்து, உங்கள் நிழல் மரங்களை நோக்கி விழும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். நிழல் காட்டும் திசையே படமெடுக்கும் திசை.

வாரநாளில் போக முடிந்தால் அதுவே நல்லது. பொங்கல் விடுமுறையில், முக்கியமாகக் காணும் பொங்கலன்று, அந்தப் பக்கமே போக வேண்டாம். சுமார் 10 கி.மீ. தள்ளியிருக்கும் கரிக்கிலியைச் சேர்த்துக்கொண்டால் பயணம் முழுமையாகும். வேடந்தாங்கலில் மரத்துப் பறவைகள், கரிக்கிலியில் திறந்த நீரில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். கூட்டமும் அங்கே மிகக் குறைவு. வாத்துகள் கூச்சம் மிகுந்தவை. கரைமேல் தலை தெரிந்ததும் நடு ஏரிக்கு நீந்திவிடும். கரையின் சரிவுக்குக் கீழேயே நடந்து, உட்கார்ந்தபடி மெல்லத் தலையை உயர்த்த வேண்டும்.

பழவேற்காடு: அகலம், அலை, காத்திருப்பு

பொன்னேரி வழியாக 55, 60 கி.மீ. புறநகர் ரயிலில் பொன்னேரி வரை போய் அங்கிருந்து பேருந்தும் பிடிக்கலாம். ஆனால் விடியலுக்குள் போய்ச் சேர முடியாது. சொந்த வண்டி இல்லாதவர்கள் இந்த இடத்தை விடியலுக்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

இது ஆழம் குறைந்த, மிகப் பரந்த ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் வந்துபோவதால் ஓதம் ஏறி இறங்குவதைப் பொறுத்துப் பறவைகளின் இடமும் மாறும். ஓதம் இறங்கிச் சேறு வெளியே தெரியும்போது உள்ளான்கள், உப்புக்கொத்திகள், கோட்டான்கள் (ஆந்தை அல்ல, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) பரவி மேயும். ஓதம் ஏறும்போது எஞ்சிய மணல்திட்டில் எல்லாம் நெருக்கமாகக் கூடும். எண்ணிக்கை பார்க்கிறவர்களுக்கும் கூட்டமாகப் படமெடுப்பவர்களுக்கும் ஏறும் ஓதம் நல்லது. தனிப்பறவை மேய்வதைப் பார்க்க இறங்கும் ஓதம். சென்னைத் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையை முந்தைய இரவே பார்த்துக்கொள்ளுங்கள். அதிகாலையில் ஓதம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியாமல் போவது பாதி நாளை வீணாக்கும்.

பூநாரைகளுக்கு முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும். பருவமழை முடிந்த கையோடு ஏரி நிறைந்து நிற்கும்போது அவை தள்ளியே இருக்கும். நீர் இறங்க இறங்க, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, கரைப்பக்கம் நெருங்கும் வாய்ப்பு கூடும். தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே வருமாறு வைத்துச் சேற்றுநீரை அரித்து உண்ணும் விதத்தைத் தெளிவாகப் பார்க்க 20 முதல் 60 மடங்கு பெருக்கும் முக்காலித் தொலைநோக்கி வேண்டும். கேமராவைவிட அதுதான் இங்கே பயன்.

தமிழ்நாட்டுப் பக்கம் அண்ணாமலைச்சேரி பூநாரைக்குப் பெயர்பெற்ற கரை. அது ஏரியின் மேற்குக் கரையில் இருப்பதால் காலையில் கிழக்கே, சூரியனைப் பார்த்தே நிற்க வேண்டியிருக்கும். நிழலுருவப் படம் விரும்பினால் காலை. நிறம் வேண்டுமென்றால் மாலை. காலையில்தான் வர முடியும், நிறமும் வேண்டும் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் தடா தாண்டி சூளூர்ப்பேட்டை போய், அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலையில் திரும்புங்கள். அது ஏரியை ஊடறுத்துக் கிழக்கு மேற்காகப் போகிறது. பள்ளிக்கரணைச் சாலைக்குச் சொன்ன அதே கணக்கு இங்கும் பொருந்தும்: குளிர்காலக் காலையில் வடக்கே பார்த்தால் வெயில் முதுகுப் பக்கம். தண்ணீர் சரியாக இருக்கும் நாட்களில் பறவைகள் சாலைக்கு அருகிலேயே மேயும். தூரம் கூடுதலாக ஓர் அரை மணிதான். விண்வெளி மையத்தின் வாயில் பக்கம் கேமராவை எடுக்கவே கூடாது. ராக்கெட் ஏவும் நாளில் அந்தச் சாலைக்கே போக வேண்டாம்.

படகைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றுலாப் பயணிகள் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. கரையில் யாராவது அழைத்தாலும் ஏறாதீர்கள். படகு நெருங்கினால் பூநாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பும். அந்தப் படம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மேய வேண்டிய நேரத்தில் அவற்றை விரட்டி எடுத்த படம் அது.

பழவேற்காட்டில் பெரும்பாலானோர் தவறவிடுவது நேரம். 9 மணிக்குமேல் நீர்ப்பரப்பு நெளிய ஆரம்பிக்கும், பின் கடற்காற்று எழும்பி அலையும் சேரும். 6:15 முதல் 8:30 வரைதான் படத்துக்கு உரிய நேரம். அதற்குப் பிறகு டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம். 1613-இல் அவர்கள் கோட்டை கட்டிய ஊர் அது.

கருவி: எதை எங்கே

பைனாக்குலர் வாங்கும்போது 8×42, 10×42 என்ற இரண்டுக்கும் இடையில் குழப்பம் வரும். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25, 10-ஆல் வகுத்தால் 4.2. கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் அது, மி.மீ.-இல். விடியற்கால மங்கலில் 8×42 வெளிச்சமாகத் தெரிவது இதனால்தான். கை நடுக்கமும் குறைவாகத் தெரியும், பார்வைப் பரப்பும் அகலம். பள்ளிக்கரணைக்கும் வேடந்தாங்கலுக்கும் 8×42 தான் என் தேர்வு. பழவேற்காட்டுக்கு மட்டுமே 10×42 பயன்படும்.

கேமரா லென்ஸில், 70–300 மி.மீ. வைத்திருப்பவர்கள் பள்ளிக்கரணையோடு நின்றுகொள்ளலாம். வேடந்தாங்கலில் அருகு மரங்கள் மட்டும் சாத்தியம். 100–400 அல்லது 150–600 இருந்தால் வேடந்தாங்கல் முழுதும் திறக்கும். லென்ஸைக் கழற்ற முடியாத, பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமரா வெயில் வந்தபின் உட்கார்ந்த பறவைக்கு நன்றாக வேலை செய்யும். மங்கலிலும் பறக்கும் பறவைக்கும் அதன் சின்ன சென்சார் திணறும். லென்ஸ் இல்லையே என்று போகாமல் இருக்க வேண்டாம். பைனாக்குலர் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் பறவையின் நடத்தையை அதிகம் கவனிக்கிறார்கள்.

கரைச்சுவரிலோ வண்டி ஜன்னலிலோ லென்ஸை வைக்க ஒரு கிலோ அரிசி அல்லது கேழ்வரகைத் துணிப்பையில் தளர்வாகக் கட்டி எடுத்துப் போங்கள். இறுக்கிக் கட்டினால் லென்ஸ் வழுக்கும். வண்டியிலிருந்து எடுத்தால் இஞ்சினை அணைத்துவிடுங்கள். அதிர்வு படத்தைக் கலைக்கும்.

அமைப்புகள்: பறக்கும் பறவைக்கு 1/2000, நடப்பதற்கு 1/1000, கூட்டில் அசையாமல் நிற்பதற்கு 1/500. சென்சாரின் ஒளி உணர்வைக் கூட்டிக் குறைக்கும் ஐஎஸ்ஓ-வைத் தானியங்கியில் விட்டு, மேல் எல்லை 3200 அல்லது 6400 என்று வைத்துவிடுங்கள்; புள்ளி தெரியும் படத்தைப் பின்னால் சரிசெய்யலாம், அசைந்து கலைந்த படத்தை முடியாது. பறவை நகர நகரப் பின்தொடரும் தொடர் குவியமும், அடுத்தடுத்துப் படம் எடுக்கும் தொடர் எடுப்பும் போடுங்கள். எல்லோரும் தடுமாறும் இடம் வெளிச்சத் திருத்தம், அதாவது கேமரா கணித்த வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைப்பது. இருண்ட கோரைப் பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால் கேமரா படத்தை வெளுக்க வைத்துவிடும், இறகின் கோடுகள் அழிந்துபோகும்; −1 வரை குறையுங்கள். வெளிர் வானத்தின் எதிரே பறக்கும் நாரை கறுத்துப்போகும். +1 வரை கூட்டுங்கள். பளபளக்கும் நீரில் நிற்கும் பூநாரைக்கு +0.7 அளவு.

இன்னொரு தொல்லை ஏ.சி. குளிர்ந்த வண்டியிலிருந்து எடுத்த லென்ஸ், கடலோர ஈரக்காற்று பட்டதும் பனி பூத்துவிடும். துடைத்தால் மறுபடி பூக்கும். நல்ல வெளிச்சத்தின் முதல் கால்மணி அதிலேயே போய்விடும். போய்ச்சேர 20 நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.-யை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். அல்லது கேமராப் பையை டிக்கியிலேயே வையுங்கள்.

எங்கும் செய்யக் கூடாதவை: கைபேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிடுவது, ஃப்ளாஷ் அடிப்பது, டிரோன் பறக்கவிடுவது, கூட்டருகே கல்லெறிந்தோ கைதட்டியோ பறக்க வைப்பது. வெயில் ஏறிய நேரத்தில் தாய்ப்பறவை கூட்டைவிட்டு எழுந்தால் முட்டையும் இறகு முளைக்காத குஞ்சும் வெயிலில் வாடும். காகமும் பருந்தும் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருக்கும். நீங்கள் நின்றதும் பறவை மேய்வதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால் அதற்குமேல் ஓரடியும் முன்னே வைக்காதீர்கள்.

யாருக்கு எது

முதன்முதலாகப் போகிறவர்கள், வயதானவர்கள், குழந்தைகளோடு வருகிறவர்கள்: வேடந்தாங்கல், ஜனவரியில் ஒரு வாரநாள், தயங்காமல். பெரிய பறவை, தெளிவான நடைபாதை, எங்கே பார்த்தாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். குழந்தைக்கு முதல் பைனாக்குலர் காட்சி கூழைக்கடாவின் தொண்டைப்பையாக இருக்கட்டும்.

படமெடுக்கக் கற்க நினைப்பவர்களுக்கு பள்ளிக்கரணைதான். இதில் சமரசமே வேண்டாம். பறவை அருகில், வெயில் சாதகமான பக்கம், வீட்டுக்கு அரை மணி. ஆண்டுக்கு ஒரு முறை வேடந்தாங்கல் போய் ஆயிரம் படம் எடுப்பதைவிட, வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் நிற்பதில் கை பழகும். எந்த மரத்தில் மீன்கொத்தி உட்காரும், பூனைப்பருந்து எந்தப் பக்கமிருந்து கோரைமேல் தாழப் பறந்து வரும் என்று தெரிந்தபின் படம் தானாக அமையும்.

உள்ளான்களைப் பிரித்தறியும் அளவுக்கு வந்துவிட்டவர்களுக்கும், முக்காலித் தொலைநோக்கியும் பொறுமையும் இருப்பவர்களுக்கும் பழவேற்காடு. அவர்களிலும் பூநாரைப் படம் முதன்மை என்றால் சூளூர்ப்பேட்டைச் சாலை. கொசு உள்ளானையும் கருவால் மூக்கனையும் ஆலாக்களையும் ஓதத்தோடு சேர்த்துப் பார்க்க ஆசைப்பட்டால் பழவேற்காட்டு ஊர்ப்பக்கம். முதல் பயணத்திலேயே இங்கே வந்து, 400 மீட்டரில் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்துவிட்டுப் பறவை பார்ப்பதையே கைவிட்டவர்கள் உண்டு. அதனால் இதைக் கடைசியில் வைத்துக்கொள்வது நல்லது.

மழை குறைந்த ஆண்டென்றால் இந்த வரிசை மாறும். வேடந்தாங்கல் ஏரியில் நீர் இல்லாவிட்டால் அங்கே போகாதீர்கள். அதே ஆண்டில் பழவேற்காடு சீக்கிரமே வற்ற ஆரம்பிப்பதால் பூநாரைகள் வழக்கத்துக்கு முன்பே கரைப்பக்கம் வரக்கூடும். மழை மிகுந்த ஆண்டில் வேடந்தாங்கலுக்கு டிசம்பரிலேயே போகலாம், பழவேற்காட்டை பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிவிடலாம். ஜூலை, ஆகஸ்டில் விடுமுறை கிடைத்தவர்களுக்குத் தேர்வே இல்லை: இலைக்கோழிக்கு வால் வளர்ந்திருக்கும், பள்ளிக்கரணைக்குப் போங்கள்.